ஹட்டனில் ஒரு தையல் சாமான் கடையும் அப்பாவின் ஸ்வெட்டரும்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு உர பேக் இருந்தது. அதற்குள் நான் ஆரம்பித்து முடிக்காத வேலைகள் கிடந்தன. அப்பாவுக்குப் பின்னிய ஸ்வெட்டரின் முதுகும் பாதி மார்பும், மகளின் பள்ளிக்கூடக் கவுனுக்கு எடுத்து வைத்த வெள்ளைத் துணி, கை மட்டும் பூட்டாத அம்மாவின் ஜாக்கெட் ஒன்று. இரண்டு வருடம் அப்படியே இருந்தன. கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொன்னேன். நானும் அதையே நம்பியிருந்தேன்.

2025 ஜனவரியில் ஹட்டன் டவுனில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்த பிறகுதான் எனக்கு வேறு காரணம் புரிந்தது. ஒவ்வொரு வேலையும் ஒரு சின்னச் சாமானுக்காக நின்றிருந்தது. அந்தச் சாமான் எது என்று சொல்ல ஒரு ஆள் எனக்கு இல்லை. இப்போது அந்த பேக் கிட்டத்தட்டக் காலி. அதனால்தான் இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

நான் இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். அப்பா பெக்டரியில் இரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வட்டகொடையில் ரயில் ஏறினால் தலவாக்கலை, கொட்டகலை தாண்டி, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்ததும் ஹட்டன். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் அது. ரயிலில் பின்னிக்கொண்டே போவேன். பிளெயின், அதாவது நேர்க்கண்ணி வரிசையாக இருந்தால் இருட்டிலும் கை நிற்காது. பேர்ல், அதாவது புரட்டுக்கண்ணி வரிசை என்றால் நான் ஊசியை மடியில் வைத்துவிடுவேன்.

கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்கார அம்மா கேட்டுக்கொண்டார். தனி ஆள், எழுபது வயதைத் தாண்டியவர், கூட்டம் வந்தால் சமாளிக்க முடியாது என்றார். ரயில் நிலையத்திலிருந்து டவுனுக்குள் நடந்தால் ஐந்து நிமிடம். துணிக்கடை வரிசையில் கண்ணாடிக்குப் பின்னால் நூல் பந்துகள் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். அப்படி இருப்பது அந்த ஒரு கடைதான். பள்ளிக்கூடத்தில் தையலும் மனையியலும் படிப்பித்தவர் என்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படித்தான்.

இந்தக் கடையில் எல்லாவற்றையும் ஒன்று ஒன்றாக வாங்கலாம். மெசின் ஊசி ஒன்று போதும் என்றால் ஒன்று தருவார். எலாஸ்டிக் அரை யார், பொத்தான் மூன்று, கொக்கி நான்கு ஜோடி, லைனிங் துணி கால் மீட்டர், எதுவும் வெட்டித் தருவார். பழைய சட்டையில் ஒரு பொத்தான் தொலைந்திருந்தால் மீதிப் பொத்தானைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு, நான்கு ஓட்டையா இரண்டு ஓட்டையா, ஓரம் தடிப்பா மெல்லியதா என்று பார்த்துப் பார்த்துத் தேடுவார். பெரிய கடைகளில் பன்னிரண்டு பொத்தான் குத்திய அட்டையை முழுதாக வாங்கச் சொல்வார்கள். மாதக் கடைசியில் எங்கள் பக்கத்துப் பெண்களால் அது முடியாது.

அப்புறம் பை முறை. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்குத் தெரியும், நூல் பந்தைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டியில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் அச்சாகியிருக்கும். எந்தச் சாயத் தொட்டியில் ஊறிய நூல் என்பதற்கான எண் அது. நிறம் ஒன்றே ஆனாலும் தொட்டி மாறினால் ஒரு சாயல் மாறிவிடும். கடையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, பின்னி முடித்து வெயிலில் பிடித்தால் மார்புக்குக் குறுக்கே கோடு போட்ட மாதிரி தெரியும். அதனால் தேவையான நூலை ஒரே தடவையில் வாங்க வேண்டும். அவ்வளவு காசு ஒரே தடவையில் யாரிடம் இருக்கிறது? டீச்சர் என்ன செய்கிறார் என்றால், உங்களுக்கு வேண்டிய அத்தனை பந்தையும் ஒரே தொட்டி எண்ணில் பொறுக்கி ஒரு பையில் போட்டு, பெயர் எழுதி, மேல்தட்டில் வைத்துவிடுகிறார். மாதம் இரண்டு பந்துக்குக் காசு கொடுத்து இரண்டை எடுத்துக்கொண்டு போகலாம். அட்வான்ஸ் கேட்பதில்லை. ஆறு மாதம் வரை வைத்திருப்பார். நான் போன அன்று மேல்தட்டில் முப்பது பைக்கு மேல் இருந்தன. பாதிப் பெயர்களின் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் எழுதியிருந்தது.

இனி அப்பாவின் ஸ்வெட்டர் கதைக்கு வருகிறேன், நீளமாகத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அதை ஒரு வீடியோவைப் பார்த்து ஆரம்பித்தேன். அமெரிக்காவில் ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தது. 8ஆம் நம்பர் ஊசி, நாலு அங்குலத்துக்கு 18 கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), முன்பக்கத்துக்கு 90 கண்ணி போடுங்கள், 20 அங்குல அகலம் வரும் என்றார். என்னிடம் அம்மாயியின் பழைய ஊசி ஜோடி இருந்தது, தலையில் 8 என்று பொறித்திருக்கும். சரி, நம்மிடம் இருக்கிறதே என்று போட்டேன். முதுகு முழுதும் முடிந்து மார்பு பாதி வந்தபோது அப்பாவின் முதுகில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் எட்டவில்லை. இழுத்துப் பின்னிவிட்டேன் போல என்று நினைத்தேன். கை இறுக்கம் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான் என்று முடிவு செய்து உர பேக்கில் போட்டுக் கட்டிவிட்டேன்.

இதை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணியை எண்ணவில்லை, முதலில் ஊசியைக் கேட்டார். மேசை இழுப்பறையிலிருந்து வரிசையாக ஓட்டை போட்ட ஒரு தகட்டை எடுத்து ஊசியை ஒவ்வொரு ஓட்டையாக விட்டுப் பார்த்தார். "புள்ள, இது நாலு மில்லிமீட்டர். அந்த அம்மா சொன்ன எட்டு அஞ்சு மில்லிமீட்டர்" என்றார்.

பழைய இங்கிலாந்துக் கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி தடிக்கும். இங்கிலாந்து 8 என்பது 4 மில்லிமீட்டர், அமெரிக்க 8 என்பது 5 மில்லிமீட்டர். என் ஊசியிலும் நூலிலும் நாலு அங்குலத்துக்கு 22 கண்ணி வந்திருந்தது. 90 கண்ணியை அந்தக் கணக்கில் பார்த்தால் 16 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். என் கையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு வருடமாக என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. பள்ளிக்கூட அலுமாரியிலோ பாட்டியின் பெட்டியிலோ கிடைத்த பழைய ஊசியை வைத்துக்கொண்டு வீடியோ பார்க்கிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். டீச்சர் யாருக்கும் காசு வாங்காமல் அந்தத் தகட்டில் அளந்து, ஒரு துண்டுப் பிளாஸ்டரில் எழுதி ஊசியில் ஒட்டித் தருகிறார்.

நூலையும் பார்த்தார். அது நான் இணையத்தில் ஒரு பக்கத்தில் கம்பளி நூல் என்று வாங்கியது. டீச்சர் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, சிறு இடுக்கியில் பிடித்து, ஒரு பீங்கான் தட்டின் மேல் தீக்குச்சி காட்டினார். கறுப்புப் புகை விட்டு உருகி, முனையில் கறுத்த மணி மாதிரி கெட்டியாகிவிட்டது. நகத்தால் நசுக்கினால் நசுங்கவில்லை. "அக்ரிலிக்" என்றார், அதாவது செயற்கை நூல். பிறகு கடையில் இருந்த உண்மையான கம்பளி நூலில் ஒரு துண்டு எடுத்துக் காட்டினார். அது மெதுவாகக் கருகியது, முடி பொசுங்கும் வாடை வந்தது, தீக்குச்சியை எடுத்ததும் தானாக அணைந்தது. சாம்பலைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

அக்ரிலிக் மோசமான நூல் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மே, ஜூனில் மழை பிடித்தால் துணி நாட்கணக்கில் காயாது. அக்ரிலிக் தண்ணீரைக் குடிக்காது, பிழிந்து போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், விலையும் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தொப்பிக்கும் ஸ்வெட்டருக்கும் அதுதான் சரி என்றார். ஆனால் அப்பாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். இரவில் அப்பா எங்கே உட்காருவார்?

எங்கே உட்காருவார்? அடுப்படியில்தான். லயத்து வீடுகளில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வயதானவர்கள் எல்லோரும் விறகடுப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள். சவுக்கு விறகு வெடித்துப் பொறி தெறிக்கும். அந்தப் பொறி அக்ரிலிக்கில் விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கம்பளியில் விழுந்தால் கருகி அணைந்துவிடும். "அப்பாவுக்குக் கம்பளிதான் புள்ள" என்று முடித்துவிட்டார். மழையில் கொழுந்து எடுக்கும்போது அம்மாயி தலையோடு போர்த்திக்கொண்டு போன கறுப்புக் கம்பளி எனக்கு ஞாபகம் வந்தது. நனைந்து கனத்தாலும் உள்ளே சூடு போகாது என்று அம்மாயி சொல்வார். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது என்று டீச்சர் விளக்கியபோதுதான் அம்மாயியின் பேச்சு எனக்கு விளங்கியது.

விலை கேட்டேன். 50 கிராம் பந்து 1500 ரூபா. அப்பாவின் அளவுக்கு 12 பந்து வேண்டும், 18,000 ரூபா. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1350. அம்மாவின் பதின்மூன்று நாள் வேலைக்கு மேல். பை முறையில் எடுத்தாலும் எனக்குக் கட்டுப்படியாகாது என்று முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் பந்தைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, "நுவரெலியாவுக்குப் போ, பேல் பஜாருக்கு" என்றார்.

தன் கடையில் விற்க வேண்டிய பன்னிரண்டு பந்தை விட்டுக்கொடுத்து, இன்னொரு ஊரில் இன்னொரு கடைக்கு என்னை அனுப்பியவர் அவர். இந்தக் கடையை நான் நம்புவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

நுவரெலியா பேல் பஜார் தெரியாத ஆள் மலைநாட்டில் இருக்க மாட்டார். வெளிநாட்டு ஜெர்சி, ஜாக்கெட், கோட் எல்லாம் குவித்து விற்கிற இடம். நாங்கள் எல்லோரும் அங்கே உடுத்தத்தான் வாங்குவோம். டீச்சர் சொன்னது, பழைய கம்பளி ஸ்வெட்டரை வாங்கிப் பிரித்து நூலாக்க. எதைப் பார்த்து எடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். முதலில் உள்பக்கம் லேபல், 100 வீதம் கம்பளி என்று இருக்க வேண்டும். பிறகு பக்கவாட்டுத் தையல். இது முக்கியம். உள்ளே ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் மெசினில் அடிக்கிற தையல்) அடித்திருந்தால் துணியை வெட்டித் தைத்திருக்கிறார்கள், பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் துண்டு துண்டாக வரும், எடுக்கக் கூடாது. ஓரங்கள் சங்கிலி மாதிரி கோத்து இணைத்திருந்தால் ஒவ்வொரு துண்டும் தனியாகப் பின்னியது, ஒரு நுனியைப் பிடித்தால் கடைசி வரை ஒரே நூலாக வரும். முழங்கையில் உராய்ந்து மெலிந்ததையும் பூச்சி அரித்ததையும் விட்டுவிட வேண்டும். ஒட்டிப்போய் அட்டை மாதிரி ஆனதும் ஆகாது, சுடுதண்ணீரில் துவைத்த கம்பளி அப்படித்தான் இறுகிப்போகும், அதைப் பிரிக்கவே முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இரண்டு மணி நேரம் கிண்டினேன். ஒன்று சாம்பல் நிறம், பெரிய ஆம்பிளை ஸ்வெட்டர். இன்னொன்று கரும்பச்சை. ஒன்று 1200 சொன்னார்கள், பேசிப் பேசி 800க்கு வந்தது. 1600 ரூபாவில் அப்பாவுக்கு வேண்டிய நூல் கையில் இருந்தது.

பிரிப்பதற்கு நான்கு இரவு பிடித்தது. மகள் எதிரில் உட்கார்ந்து கதிரை முதுகில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிரித்த நூல் இடியப்பம் மாதிரி நெளிந்திருக்கும், அப்படியே பின்னினால் கண்ணி ஒழுங்காக விழாது. சிட்டமாக, அதாவது தளர்ந்த சுருளாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பிழியாமல் துவாலைக்குள் வைத்து அமுக்கி, வீட்டு முன்புற இஸ்தோப்புக் கம்பியில் தொங்கவிட்டேன். மூன்று நாளில் நெளிவு போய்விட்டது. மெசினில் பின்னிய நூல் மெல்லியதாகத்தான் இருந்தது. டீச்சர் சாம்பலில் இரண்டு இழையும் பச்சையில் ஒரு இழையும் சேர்த்து மூன்றாகப் பிடிக்கச் சொன்னார். அந்தக் கலவையைப் பார்த்தால் ஜனவரியில் தேயிலை மேல் உறைபனி படிந்த மாதிரி இருக்கிறது. அப்பா முதலில் சொன்ன வார்த்தையும் அதுதான்: "பனி விழுந்த மட்டக் கொழுந்து."

இந்தத் தடவை மாதிரித் துண்டு பின்னாமல் ஆரம்பிக்க விடமாட்டேன் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஆறு அங்குலச் சதுரம் பின்னி, துவைத்து, காயவைத்து, நடுவில் நாலு அங்குலத்தை எண்ணிக்கொண்டு வரச் சொன்னார். துவைப்பதற்கு முன் எண்ணினால் கணக்குத் தப்பும், கம்பளி தண்ணீர் பட்டதும் தளரும். எனக்கு 20 கண்ணி வந்தது, அங்குலத்துக்கு ஐந்து. அப்பாவின் மார்பு 38 அங்குலம், அசைந்து கொடுக்க மூன்று சேர்த்தால் 41, ஒரு பக்கத்துக்கு இருபதரை. ஐந்தால் பெருக்கினால் 102 சொச்சம். கீழ்ப்பட்டிக்கு இரண்டு பிளெயின் இரண்டு பேர்ல் என்று போவதால் நாலின் மடங்கோடு இரண்டு கூட இருக்க வேண்டும், 102 அப்படியே பொருந்தியது. இந்தக் கணக்கைக் கடை பில் ஒன்றின் முதுகில் டீச்சர் போட்டுக் காட்டினார். அந்த பில்லை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இனி எந்த நூல், எந்த ஊசி, யாருடைய உடம்பு என்றாலும் என்னால் கணக்குப் போட முடியும்.

மெசின் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மாயி விட்டுப்போனது ஒரு கறுப்பு சிங்கர் மிதிமெசின். சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்த கம்பெனி, தோட்டங்களில் பெரிய கங்காணி, கணக்கப்பிள்ளை வீடுகளில் அந்தக் காலத்திலிருந்தே இருந்த மெசின் அது. எங்களுடையதின் அடித்தட்டில் இலக்கம் ஆங்கில E எழுத்தில் ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தது என்றார் டீச்சர். அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான், எங்கள் வாழ்க்கைக்குள் அந்த நாடு இரண்டு வழியாக வந்திருக்கிறது.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த காலத்திலும் இந்த மெசின் ஓடியது. பிறகு இறுகிப்போனது. சக்கரம் சுற்றாது, சுற்றினாலும் கீழ்நூலைப் பிடிக்காது. வேறொரு டவுனில் திருத்துகிற ஒருவரிடம் ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். இது முடிந்துபோன மெசின், இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அம்மா அழுதுகொண்டே திரும்பத் தூக்கிவரச் சொன்னார்.

டீச்சரிடம் வாயால்தான் சொன்னேன், மெசினைக் காட்டவில்லை. என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டார். தேங்காய் எண்ணெய். வெப்பம் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். கொழும்பில் அது எண்ணெயாகவே இருக்கும், எங்கள் வீட்டில் மார்கழி, தையில் போத்தலுக்குள் கட்டியாக நிற்கும். மெசினின் மூட்டுகளுக்குள்ளும் அதே கதைதான், போதாததற்கு வருடக்கணக்கில் பிசின் மாதிரி பிடித்துவிட்டது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எல்லா ஓட்டையிலும் விட்டு, ஒரு இரவு வைத்து, காலையில் வெறுமனே மிதித்து, பழைய துணியால் துடைத்து, இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்த பிறகு மெசின் எண்ணெய் போடச் சொன்னார். அடுப்பு அணைந்த பிறகு, கதவைத் திறந்து வைத்துச் செய் என்றும் சொன்னார். மூன்றாம் நாள் சக்கரம் ஒரு விரலில் சுற்றியது. அம்மா பக்கத்தில் நின்று மெசினைத் தொட்டுக் கும்பிட்டார்.

மெசின் எண்ணெய் சின்னப் போத்தல் ஒன்று, தோல் பெல்ட் ஒன்று, 14ஆம் நம்பர் ஊசி இரண்டு, அவ்வளவுதான் செலவு. பழைய பெல்ட் ஈரத்தில் தொய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. ஊசி போடும்போது நீளப் பள்ளம் எந்தப் பக்கம் என்று விரல் நகத்தால் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நூல் எந்தப் பக்கமிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம்தான் பள்ளம் இருக்க வேண்டும். மாறிப்போட்டால் கண்ணி விட்டு விட்டுத்தான் விழும், ஆனால் பழியை மெசின் மேல் போடுவோம்.

கவுன் வேலை சீக்கிரம் முடிந்தது. 1993இலிருந்து அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாகக் கொடுக்கிறது. துணி கைக்கு வந்ததும் ஒரு இரவு தண்ணீரில் போட்டுக் காயவைத்த பிறகு வெட்டு என்றார் டீச்சர். அதற்கு முந்தைய கவுன் இரண்டு துவையலில் முழங்காலுக்கு மேல் ஏறியதற்குக் காரணம் அதுதான். மகளின் பழைய கவுனைப் பிரித்துத் தாளில் வைத்து வரைந்து, இரண்டு பக்கமும் முக்கால் அங்குலம் தையலுக்கு விட்டு, கீழ் மடிப்பில் மூன்று அங்குலம் வைத்தேன். வளர வளர அவிழ்த்துவிடலாம்.

இனிக் குறைகள். இவற்றையும் சொல்லாவிட்டால் படித்துவிட்டுப் போகிறவர்கள் சிரமப்படுவார்கள்.

உடுப்புக்குப் பூட்டுகிற சிப் நல்லதில்லை. நான் வாங்கிய மூன்றில் ஒன்று ஒரு மாதத்தில் பல் பிரிந்துவிட்டது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார், ஆனால் அதற்காக இன்னொரு தடவை ரயில் ஏற வேண்டியிருந்தது. சிப் மட்டும் வேறு இடத்தில் வாங்குங்கள். ஓவர்லாக் அடித்துக் கொடுக்கிறார், ஒரு கவுனுக்குச் சாதாரண நாளில் ஒரு மணி நேரம். பள்ளிக்கூடம் தொடங்குகிற ஜனவரியிலும் தீபாவளிக்கு முன்னாலும் இரண்டு கிழமை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவசரம் என்று போய் நிற்பதில் பயனில்லை. வட்ட ஊசி கிடையாது, நேர் ஊசி மட்டும்தான். கம்பளி நூலில் ஐந்து நிறம், அதில் மஞ்சளே இல்லை. கார்ட் எடுப்பதில்லை. படிக்கட்டு உயரம், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் டீச்சரே இறங்கி வருவார், ஆனால் அவருக்கும் முழங்கால் வலிதான். பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் வெள்ளி மத்தியானமும் கடை மூடியிருக்கும்.

இன்னொன்று, டீச்சர் கண்டிப்பானவர். கோணலாக வெட்டியிருந்தால் மற்றவர்கள் முன்னிலையில் சொல்லிவிடுவார். என்னோடு வந்த தங்கச்சி ஒருத்தி அதனால் மனம் நொந்து மறுபடி வரமாட்டேன் என்றாள். அவளுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. படிப்பிக்கிற இடத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது நல்லது என்று நான் டீச்சரிடமே சொன்னேன். கேட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை போனபோது தங்கச்சி ஏன் வரவில்லை என்று விசாரித்து, அவளுக்கென்று ஒரு சின்ன டேப் கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். அவள் அதை வாங்கிக்கொண்டாள். இன்னும் கடைக்கு வரவில்லை.

யார் போகலாம்? வீட்டில் பாதியில் நிற்கிற வேலை உள்ளவர்கள் கட்டாயம் போகலாம். போகும்போது அந்தப் பாதி வேலையையும், பயன்படுத்திய ஊசியையும், மிச்ச நூலையும் சேர்த்தே கொண்டுபோங்கள். வாயால் சொல்வதைவிட அதை மேசையில் வைத்தால் அவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். சனிக்கிழமை பத்து மணிக்கு முன் போனால் பேச நேரம் இருக்கும். புதிய டிசைன், ஃபேஷன் லேஸ், மின்னுகிற கல் வேலை தேடுகிறவர்களுக்கு இது ஏற்ற கடை இல்லை. கண்டியிலோ கொழும்பிலோ பார்ப்பது நல்லது.

அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் கை பூட்டியாகிவிட்டது, தீபாவளிக்குப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். அப்பாவின் ஸ்வெட்டரில் முதுகு, மார்பு, கழுத்து, ஒரு கை முடிந்திருக்கிறது. மற்றக் கை 18 அங்குலத்தில் 14 வந்துவிட்டது. பக்கவாட்டுத் தையலைப் போட்டுவிட்டதால் அப்பா காத்திருக்கவில்லை, ராத்திரியில் அதை ஒரு கையோடே மாட்டிக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறார். போன கிழமை ஒரு பொறி தெறித்து வயிற்றுப் பக்கம் விழுந்தது. தட்டிவிட்டார். கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி, சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது.

சாம்பல் நூல் இன்னும் ஒரு உருண்டை இருக்கிறது, கைக்குப் போதும். பச்சைதான் குறையும் போல இருக்கிறது. சனிக்கிழமை ஒரு முழம் இழையை வெட்டி எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போகிறேன்.